ஆறு ஹோஸ் நீளம்

வால்வு அண்ணன் ஊரைவிட்டுப் போன அன்று செவ்வாய்க்கிழமை. மைதானத்தைச் சுற்றித் தகரம் அடிக்க ஆரம்பித்ததும் அதே செவ்வாய்க்கிழமைதான். காலை ஏழு மணிக்கு வந்த லாரி, படம் அச்சடித்த தகரங்களை இறக்கியது. ஒவ்வொரு தகரத்திலும் ஒரே குடும்பம். புல்மேல் உட்கார்ந்து, பலூன் பிடித்துக்கொண்டு, பல் தெரியச் சிரித்தது. ‘உங்களுக்காக ஒரு புதிய பசுமைச் சதுக்கம்’ என்று கீழே எழுதியிருந்தது. படத்திலிருந்த புல் எல்லாம் ஒரே உயரம், ஒரே நிறம். பதினாலு வருஷம் நிஜப் புல்லுக்குத் தண்ணீர் விட்ட வெடியக்காவுக்கு, தகரம் லாரியில் இருக்கும்போதே வயிறு எரிய ஆரம்பித்துவிட்டது.

வெடியக்கா என்பது அவள் பெயரில்லை. நகராட்சித் தோட்டப் பிரிவில் சேர்ந்த மூன்றாம் நாள், மேஸ்திரி அவளைப் பார்த்து, “பொம்பளைக்கு மண்வெட்டி பிடிக்க வருமா?” என்று கேட்டார். அவள் சொன்ன பதிலைக் கேட்டு நாலு பேர் வேலையை நிறுத்திவிட்டு வந்தார்கள். அன்றைக்கு ஒட்டிக்கொண்ட பெயர். சம்பளச் சீட்டில் வேறு ஒன்று இருந்தது. அதை அந்தச் சீட்டைத் தவிர வேறு யாரும் பயன்படுத்தவில்லை.

வால்வு அண்ணனும் அப்படித்தான். மைதானத்தின் ஆறு குழாய்களையும் திறந்து மூடுவது அவர் வேலை. குழாயை மூடுவார், வாயைத் திறந்தால் மூடத் தெரியாது. அவளுக்குக் கூடப்பிறந்தவர் இல்லை. ஆனால் பதினாலு வருஷம் ஒரே ஹோஸின் இரண்டு முனைகளைப் பிடித்தவர்கள் வேறு என்ன உறவு சொல்லிக்கொள்வது?

அந்த ஹோஸ் சிவப்பு ரப்பர், உள்ளே நூல் பின்னியது, பாம்பு மாதிரி கனம். மைதானத்துக்குக் குழாய் பதித்தபோதே அதுவும் புதிதாக வந்தது. ஒரு குழாய்க்கும் அடுத்த குழாய்க்கும் நடுவே இரண்டு ஹோஸ், ஓரக் குழாய்க்கும் எல்லைக்கும் நடுவே ஒரு ஹோஸ் இடைவெளி விட்டுப் பள்ளம் தோண்டினார்கள். இந்தக் குழாயிலிருந்து இழுத்தாலும் அந்தக் குழாயிலிருந்து இழுத்தாலும் நடுவில் தண்ணீர் தொட்டுக்கொள்ள வேண்டும். அப்படி அளந்தபோது மைதானம் நீளத்துக்கு ஆறு ஹோஸ், அகலத்துக்கு நாலு ஹோஸ் வந்தது. அன்றிலிருந்து இருவருக்கும் மீட்டர் கிடையாது. கல்யாண வீடு எவ்வளவு தூரம் என்று கேட்டால்கூட வால்வு அண்ணன், “முப்பது ஓஸு இருக்கும்” என்பார்.

அன்று காலை கருவி அறையில் அவர் ஒரு சாக்கைக் கட்டிக்கொண்டிருந்தார். ஓய்வுபெற இன்னும் இரண்டு வாரம் இருந்தது. மைதானமே இல்லாதபோது குழாய்க்காரர் எதற்கு என்று பாக்கி விடுப்பைக் கழித்து அனுப்பிவிட்டார்கள். மகன் வீடு தூரத்து ஊரில். பகல் முழுக்க ரயிலில் போக வேண்டும்.

சாக்கில் ஹோஸ் துண்டுகள். நகராட்சி ஸ்டோரில் ஒரு சட்டம் உண்டு. ஹோஸின் நுனி குழாயில் மாட்டி மாட்டிப் பிளந்துபோகும். பிளந்த பகுதியை வெட்டி எடுத்துக்கொண்டு போய்க் காட்டினால்தான் நுனியைக் குழாயோடு இறுக்கப் புதுக் கிளாம்பு கொடுப்பார்கள். ஸ்டோர்காரர் அந்தத் துண்டை மருத்துவர் மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்து, அழியாத மையில் தேதி எழுதி, கையெழுத்தும் போட்டுத் திருப்பித் தருவார். அதே துண்டை மறுபடி காட்டி இன்னொரு கிளாம்பு வாங்கிவிடக் கூடாதாம். ஒரு கிளாம்பின் விலைக்கு ஒரு டீகூட வராது.

“இந்தக் குப்பையை எதுக்கு அண்ணே சுமந்துட்டுப் போறீங்க?”

“பக்கெட் கைப்பிடிக்குச் சுத்தலாம். பேரன் சைக்கிளுக்கு மாட்டலாம். எதுக்காவது ஆகும் தங்கச்சி.”

“உங்க மருமக வாசல்லயே வெச்சுக் கொளுத்தப் போறா.”

“கொளுத்தினா கொசு போகும். அதுவும் ஒரு உபயோகம்தானே?”

அவள் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் சதுக்கம் கட்ட மைதானத்தை ஒப்பந்தம் எடுத்த கம்பெனியின் ஆள் ஒருவன் அட்டையில் செருகிய தாளோடு வந்து நின்றான். மைதானம் காலியாக, நல்ல நிலையில், யாருக்கும் எந்த ஆட்சேபணையும் இன்றி ஒப்படைக்கப்பட்டது என்பதற்கு மூத்த பணியாளர் கையெழுத்து வேண்டுமாம். வால்வு அண்ணன் பேனாவை வாங்கினார். போட்டார். கொடுத்தார். குழாயை மூடும் அதே லாகவம்.

“படிச்சுப் பார்த்தீங்களா?” என்றாள் வெடியக்கா.

“கண்ணாடி பெட்டிக்குள்ள இருக்கு.”

“ஆட்சேபணை இல்லைன்னு போட்டிருக்கு. உங்களுக்கு இல்லையா? எனக்கு இருக்கே! என்னை யார் கேட்டா?”

“நான் போடலைன்னா தகரம் நின்னுடுமா தங்கச்சி? மேல எல்லாம் முடிவாயாச்சு.”

“நிக்காது. ஆனா நம்ம கை அதுல இருந்திருக்காது.”

“ரயிலுக்கு நேரமாகுது. சண்டை வேண்டாம்.”

“சண்டை போடறதுக்கும் ஒரு தகுதி வேணும்” என்றாள்.

அவர் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு வாசல்வரை போனார். திரும்பிப் பார்த்துக் கையைத் தூக்கினார்.

“கையெழுத்துப் போட்ட கையை எனக்கு ஆட்டாதீங்க.”

கை அப்படியே இறங்கியது. அந்த மனுஷன் வாயைத் தானாக மூடியதை அவள் பார்த்தது அன்று ஒரு முறைதான்.

*

வெடியக்காவின் கோபத்துக்கு வேறு ஒரு கணக்கும் இருந்தது. வீட்டில் அவள் கணவர்.

அவர் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். இருபத்தெட்டு மாடிக் கட்டடத்தின் உச்சியில், மெஷின் அறையில் நின்றபடி பக்கவாதம் வந்து விழுந்தார். பிழைத்தார். இடது காலும் இடது கையும் பாதிதான் பேச்சுக் கேட்டன. “இந்தப் பக்கம் ஒரு ஃபேஸ் கரண்ட் போயிடுச்சு” என்று பார்க்க வருகிறவர்களிடமெல்லாம் அவரே சொல்லிச் சிரிப்பார். மருத்துவமனையில், கெட்டித் தரையில் நடந்தால் பயத்தில் கால் இன்னும் இறுகும், புல்தரையில் செருப்பில்லாமல் நடக்கவிடுங்கள் என்றார்கள். மைதானம் இரண்டு தெரு தள்ளி. தினமும் காலையில் அவள் தண்ணீர் விட, அவர் ஓரத்தோடு நடப்பார். விழுந்தாலும் அடிபடாது. புல்லைத் தட்டிவிட்டு எழுந்துகொள்வார். ஒரு வருஷத்தில் நீளப் பக்கம் முழுவதையும் நிற்காமல் நடந்தார். கைத்தடியோடு முந்நூற்று அறுபது அடி வைப்பார். அவள் எண்ணியிருக்கிறாள்.

தகரம் அடித்த பிறகு மூன்று வருஷம் அவர் குடியிருப்பின் நடைபாதையில் நடந்தார். ஒரு பக்கம் பதினாலு கதவு. கதவுக்குக் கதவு செருப்பு, சைக்கிள், காலிச் சிலிண்டர். எதிர்வீட்டம்மா ஒருநாள், “சார் நடக்கும்போது டக்கு டக்குன்னு சத்தம் வருது, குழந்தை தூங்கமாட்டேங்குது” என்றாள். வெடியக்கா, “உங்க குழந்தை அழும்போது எங்களுக்குக் கச்சேரி மாதிரியா இருக்கு?” என்று கேட்டுவிட்டு வந்து, கைத்தடியின் அடியில் பழைய டயர் ரப்பரைக் கட்டிக் கொடுத்தாள்.

“சதுக்கம் திறக்கட்டும்” என்பார் அவர். “அதுவரைக்கும் இந்த மாடி சர்வீஸ்தான்.”

சதுக்கம் திறந்தது. சுற்றிலும் ஐந்து கண்ணாடிக் கட்டடங்கள், நடுவில் வழவழவென்று கருங்கல். மரங்கள் பெட்டிக்குள் நின்றன. அடியில் மூன்று தளத்துக்குக் கார் நிறுத்தம், மேலே அரை முழம் மண். மரத்துக்கு அதற்குமேல் வேர்விட இடமில்லை. பெஞ்சுகளின் நடுவே இரும்புக் கை வைத்திருந்தார்கள், யாரும் சாய்ந்து படுத்துவிடக் கூடாது என்று. உட்காரும் பலகையும் முன்பக்கம் சரிந்திருந்தது. உட்கார்ந்தவர் வழுக்கி வழுக்கிக் கடைசியில் தானே எழுந்து பக்கத்துக் காப்பிக் கடைக்குப் போய்விட வேண்டும். அங்கே நாற்காலி நன்றாக இருந்தது. ஒரு ஓரமாகப் புல். சுற்றிலும் முழங்கால் உயரத்துக்குக் கம்பி.

அவர் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, வெடியக்காவின் தோளைப் பிடித்துக் கம்பியைத் தாண்டி, புல்லில் காலை வைத்தார். கண்ணை மூடிக்கொண்டார். நாலு அடி நடந்திருப்பார். விசில் சத்தம் வந்தது.

செக்யூரிட்டி ஓடிவந்தான். “சார், சார்! புல்லுல ஏறக்கூடாது. வெளியே வாங்க.”

“ஏம்பா, புல்லுல ஏறாம எதுல ஏறறது?” என்றாள் வெடியக்கா.

“ரூல்ஸ் போர்டு அங்க இருக்குக்கா. புல்லு பார்க்கறதுக்கு. நடக்கறதுக்குக் கல்லு போட்டிருக்கு.”

“பார்க்கறதுக்கா? சினிமாவா ஓடுது அதுல?”

“அக்கா, என்னைத் திட்டி என்ன ஆகப்போகுது? கேமரா இருக்கு. உங்களை விட்டா எனக்கு அன்னிக்குச் சம்பளம் கட்.”

அவன் சொன்னதும் நிஜம்தான். அதுதான் இன்னும் எரிச்சலாக இருந்தது. திட்டுவதற்கு ஒரு ஆளையாவது சரியாக நிறுத்திவைக்கத் தெரியவில்லை இவர்களுக்கு. அந்தப் போர்டில் பத்தொன்பது விதிகள். பந்து கூடாது, நாய் கூடாது, படுக்கக் கூடாது, செருப்பில்லாமல் வரக் கூடாது, வீட்டுச் சாப்பாடு கூடாது. மேலே கொட்டை எழுத்தில் ‘அனைவரையும் வரவேற்கிறோம்.’

அவர் செருப்பை மாட்டிக்கொண்டு கல்லில் நடந்தார். சுவரைப் பிடித்துப் பிடித்து, கால் பதறப் பதற. எதிர்க்கோடிக்குப் போய்ச் சேர்ந்ததும் திரும்பிப் பார்த்தார்.

“ஏம்மா, எத்தனை அடி?”

“இருநூத்தித் தொண்ணூறு.”

“முன்ன முந்நூத்தி அறுபது வெச்சேன். இப்ப கால் முன்னைவிட மோசம்.” மூச்சு வாங்கிக்கொண்டார். “நான் தேறிட்டேனா, இல்ல நிலம் தேஞ்சுடுச்சா?”

*

நிலம்தான் தேய்ந்திருந்தது. கம்பெனியின் வரைபடம் வாசலிலேயே கண்ணாடிச் சட்டத்தில் மாட்டியிருந்தது. நீளம் நூற்று நாற்பத்தைந்து மீட்டர். ஹோஸ் முப்பது மீட்டர். ஆறு முப்பது நூற்றெண்பது. இது வெடியக்காவுக்கு விரல் விடாமலே தெரியும் கணக்கு.

அதே மாதம் நகராட்சி வாசலில் ஓர் அறிவிப்பு ஒட்டினார்கள். கம்பெனிக்குப் பணி நிறைவுச் சான்று கொடுப்பதற்கு முன் பொதுமக்கள் கருத்தைக் கேட்கப்போகிறார்களாம். ஒப்பந்தத்தின் வரி ஒன்றும் அதில் இருந்தது: சதுக்கம் ‘முன்பிருந்த மைதானத்தின் அளவுக்குக் குறையாமல்’ இருக்க வேண்டும், குறைந்தால் அதன் பராமரிப்பும் விதிமுறைகளும் நகராட்சியின் கைக்குத் திரும்பும். முன்பிருந்த அளவு எவ்வளவு என்று ஒப்பந்தத்தில் ஒரு எண்கூட இல்லை. பழைய பதிவேட்டில் ‘சந்தையை ஒட்டிய திறந்தவெளி’ என்று இருந்ததோடு சரி. கம்பெனியின் சர்வேயர் மட்டும், தகரம் அடித்த பிறகு உள்ளே போய், பழைய மைதானம் நூற்று நாற்பது மீட்டர் என்று எழுதி வைத்திருந்தார்.

வெடியக்காவுக்கு வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. நகராட்சி கைக்கு வந்தால் விசில் போகும், கம்பி போகும். கணவர் புல்லில் காலை வைப்பார். அவ்வளவுதான். அதற்காக ஒருநாள் விடுப்புப் போட்டாள். ஸ்டோரின் மூலையில் மூன்று வருஷமாகச் சுருண்டு கிடந்த சிவப்பு ஹோஸைக் கெஞ்சி வாங்கினாள். தோளில் மாட்டிக்கொண்டு பஸ் ஏறினாள். கண்டக்டர், “லக்கேஜுக்கு டிக்கெட் எடுக்கணும்மா” என்றார். “இது லக்கேஜ் இல்ல, சாட்சி” என்றாள்.

கூட்டம் நகராட்சி மண்டபத்தில். மேடையில் ஓர் அம்மா அதிகாரி. கம்பெனி பக்கம் ஒரு வக்கீல், இஸ்திரி கலையாத சட்டை, எதற்கும் கோபப்படாத குரல். அறுபது எழுபது பேர் இருந்தார்கள். முன்வரிசையில் சிலர் ஃபோனைத் தூக்கிப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

வெடியக்கா எழுந்து, பழைய மைதானம் நீளத்துக்கு ஆறு ஹோஸ், ஹோஸுக்கு முப்பது மீட்டர், ஆகமொத்தம் நூற்றெண்பது என்று சொன்னாள். “இவங்க முப்பத்தஞ்சு மீட்டரை முழுங்கிட்டு நம்ம காதுல பூ சுத்தறாங்க.” பின்வரிசையில் கைதட்டல் கிளம்பியது.

வக்கீல் மெதுவாக எழுந்தார். “ரொம்ப நல்லாச் சொன்னீங்கம்மா. நீங்க எப்ப அளந்தீங்க?”

“தினமும்தான். பதினாலு வருஷமா தண்ணி விட்டவ நான். காலையில ஆறு ஓஸு, சாயங்காலம் ஆறு ஓஸு.”

“கடைசியா எப்ப?”

“தகரம் அடிக்கறதுக்கு முந்தின நாள் வரைக்கும்.”

“அப்பவும் ஆறுதானா?”

“மைதானம் என்ன நடந்தா போகும்? எப்பவும் ஆறுதான்!”

சிரிப்பு எழுந்தது. அவள் பக்கத்துச் சிரிப்பு. வக்கீலும் கூடச் சிரித்தார்.

“இதே ஓஸ்தானே?”

“இதேதான். பதினாலு வருஷத்துல இன்னொண்ணு வாங்கிக் குடுக்க எந்த மகராசன் இருந்தான் எங்களுக்கு?”

“தகரம் அடிச்சதுக்கு அப்புறம் இது எங்கயும் வெட்டுப்படலையே?”

“மூணு வருஷமா ஸ்டோர்ல கிடந்தது. யாரும் தொடலை.”

வக்கீல் தன் ஆளைப் பார்த்துத் தலையசைத்தார். ஆள் அளவு டேப்போடு வந்தான். அவள் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஹோஸின் நுனியைப் பிடித்தாள். ஹோஸ் நாற்காலிகளுக்கு நடுவே ஓடி, கதவைத் தாண்டி, வராந்தாவில் நீண்டது. வெளியிலிருந்து குரல் வந்தது.

“இருபத்தி மூணரை!”

அவளுக்கு முதலில் புரியவில்லை. “சரியாப் பிடிச்சு இழுங்கப்பா” என்றாள்.

“இழுத்துத்தாம்மா பிடிச்சிருக்கேன். இருபத்தி மூணரைதான்.”

“ஆறு இருபத்தி மூணரை எவ்வளவு மேடம்?” என்று வக்கீல் மேடையைப் பார்த்துக் கேட்டார். அதிகாரி அம்மா தாளில் போட்டுப் பார்த்து, “நூத்தி நாப்பத்தி ஒண்ணு” என்றார்.

“எங்க சர்வேயர் நூத்தி நாப்பதுன்னு எழுதியிருக்கார். ஒரு மீட்டர் குறைச்சு எழுதினதுக்கு நான் இந்தம்மாகிட்ட மன்னிப்புக் கேட்டுக்கறேன். இப்ப சதுக்கம் நூத்தி நாப்பத்தஞ்சு. பதினாலு வருஷ அனுபவசாலியே எங்களுக்காகச் சாட்சி சொல்லிட்டாங்க.”

மண்டபம் குலுங்கியது. இந்தத் தடவை சிரிப்பு எந்தப் பக்கத்துச் சிரிப்பு என்று சந்தேகமே இல்லை. கைதட்டியவர்கள்கூடச் சிரித்தார்கள். அவள் வாயைத் திறந்தாள். வெடி நமத்துப்போயிருந்தது. வராந்தாவிலிருந்து ஹோஸை இழுத்துச் சுருட்டுவதற்குள் பத்து நிமிஷம் ஆயிற்று. அந்தப் பத்து நிமிஷமும் ஃபோன்கள் தூக்கியபடியே இருந்தன.

பஸ்ஸில் பாதி வழியில்தான் அவளுக்கு உறைத்தது. வழுக்கை!

குழாய்க்கும் குழாய்க்கும் நடுவே, வருஷம் போகப் போக, புல் பழுத்து ஒரு பட்டை விழுந்தது. முதலில் ஓரடி அகலம், அப்புறம் ஒரு ஆள் படுக்கும் அகலம், கடைசியில் ஒரு வீட்டின் அகலம். “மைதானத்துக்கு வயசாகுது, வழுக்கை விழுது” என்பார் வால்வு அண்ணன். அந்தப் பட்டைக்கு அவள் தினமும் பூவாளியில் தண்ணீர் சுமந்திருக்கிறாள். தோள்பட்டை இன்னும் வலிக்கிறது. நுனி பிளக்கப் பிளக்க வெட்டியதில் ஹோஸ் குட்டையாகிக்கொண்டே வந்தது. அதனால்தான் தண்ணீர் தொட்டுக்கொள்ளவில்லை. இது அவளுக்குத் தெரியாததா? தன் கையால் வெட்டியவள். ஆனால் ‘ஆறு ஹோஸ்’ என்பது அவளுக்கு எப்போதோ அளவாக இருப்பதை விட்டு மைதானத்தின் பெயராகவே ஆகிவிட்டிருந்தது. முதல் வருஷம் வைத்த பெயர். அதைப் பதினாலாவது வருஷத்து ஹோஸோடு கொண்டுபோய் எதிரியின் டேப்பில் கொடுத்துவிட்டாள். வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்வது அவளுக்குப் புதிதில்லை. இந்தத் தடவை கணவரின் காலையும் சேர்த்துக் கொடுத்துவிட்டாள்.

அவள் மனு எழுதினாள். வழுக்கையைப் பற்றி, வெட்டியதைப் பற்றி, பூவாளியைப் பற்றி. கம்பெனிக்குப் பணி நிறைவுச் சான்று கொடுத்து இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. குழாய் பதித்த பழைய ஆணையில் ‘இரண்டு ஹோஸ் இடைவெளியில் ஒரு குழாய், நீளவாக்கில் மூன்று’ என்றிருப்பது உண்மைதானாம். ஆனால் அப்போது ஹோஸின் நீளம் என்ன என்பதற்கு ஆதாரமில்லை. ஸ்டோரின் பழைய பதிவேடுகள் கிடைக்கவில்லை. அந்தக் காலத்துத் தேதியிட்ட சான்று ஏதேனும் சமர்ப்பித்தால் மறுபரிசீலனை செய்யப்படும்.

தேதியிட்ட சான்று! அது வால்வு அண்ணனின் சாக்கில் ரயிலேறிப் போய் நாலு வருஷம் ஆகப்போகிறது.

“அவருக்கு ஒரு ஃபோன் போடேன்” என்றார் கணவர்.

“போட மாட்டேன்.”

“நம்பர் இருக்குல்ல?”

“ஆட்சேபணை இல்லைன்னு எழுதிக் குடுத்த மனுஷன்கிட்ட நான் போய் உதவி கேக்கணுமா? அதுவும் குப்பைன்னு நான் கேலி பண்ணின சாக்கு. இந்நேரம் மருமக கொளுத்தியிருப்பா.”

“கேட்டாத்தானே தெரியும்.”

“உங்களுக்கு எல்லாரும் நல்லவங்க. அதனாலதான் எல்லாரும் உங்களைக் கல்லுல நடக்கவிடறாங்க.”

சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவர் எழுந்து கைத்தடியை எடுத்துக்கொண்டு தனியாகவே சதுக்கத்துக்குப் போனார். முதல்நாள் மழை. கல் நனைந்திருந்தது.

எலும்பு முறியவில்லை. முட்டியிலும் நெற்றியிலும் தையல். தூக்கிவிட்டது அந்த விசில்காரச் செக்யூரிட்டிதான். அவனே ஆட்டோவில் கொண்டுவந்து விட்டான். “கம்பெனிகிட்ட சொல்லாதீங்கக்கா, டியூட்டி நேரத்துல வெளிய வந்துட்டேன்” என்று கெஞ்சிவிட்டுப் போனான். அன்றிலிருந்து அவர் நடப்பதை நிறுத்திவிட்டார். ஜன்னலோரம் நாற்காலி. “லிஃப்ட் பழுது. படியைப் பயன்படுத்தவும்” என்று ஒருநாள் சொன்னார். அவள் சிரிக்கவில்லை. அவரும் சிரிக்கவில்லை.

அவள் ஃபோனைக் கையில் எடுப்பாள். வால்வு அண்ணன் நம்பர்வரை போவாள். கம்பெனி ஆளின் அட்டையும் பேனாவும் கண்ணில் வந்து நிற்கும். ஃபோனைக் கவிழ்த்து வைப்பாள். பிறகு தன்மேலேயே கோபம் வரும். அதைத் தீர்த்துக்கொள்ளப் பாத்திரம் இருந்தது. அந்த வீட்டில் நசுங்காத பாத்திரம் குறைவு.

கூட்டம் நடந்து பதினாலு மாதம் ஆன ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், அவள் துணி உலர்த்திக்கொண்டிருந்தபோது ஃபோன் இரண்டு முறை சிணுங்கியது. பக்கத்தில் இருந்தவர் கணவர்தான். எடுத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

“ஏம்மா, இங்க வா.”

“கை ஈரம். என்னன்னு சொல்லுங்க.”

“ஃபோட்டோ. சிமென்ட் தரையில செவப்பா ஏதோ துண்டு துண்டா வரிசையா வெச்சிருக்கு. பதிமூணு இருக்கு. பக்கத்துல டேப்பு. ஒவ்வொண்ணுலயும் தேதி, கையெழுத்து.”

அவள் கையிலிருந்த சட்டை கொடியில் பாதியும் தரையில் பாதியுமாகத் தொங்கியது. “கீழ ஏதாவது எழுதியிருக்கா?”

“இருக்கு. நீளமா இருக்கு. வால்வைத் திறந்துட்டார்.”

“படிங்க.”

அவர் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று, ஒவ்வொரு சொல்லாகப் படித்தார்:

“தங்கச்சி, பேரன் நேத்து அவன் ஃபோன்ல ஒரு வீடியோ காட்டினான். ஓஸ் அம்மான்னு போட்டு எல்லாரும் சிரிக்கறாங்க. பார்த்தா நீ. ராத்திரி தூக்கம் வரலை. காலையில சாக்கைப் பிரிச்சேன். மருமக கொளுத்தலை, ஒரு தடவை கேட்டா, குடுக்க மாட்டேன்னு சொல்லிட்டேன். பதிமூணு துண்டும் சேர்த்து அளந்தேன். ஆறரை மீட்டர். உங்கிட்ட இருக்கறது இருபத்தி மூணரை. கூட்டிக்கோ. முதல் துண்டோட தேதியைப் பாரு, குழாய் போட்டு எட்டு மாசம் கழிச்சு. அப்படின்னா குழாய் போட்டப்ப முழு முப்பது. நீ சொன்னது சரி, மைதானம் ஆறு ஓஸுதான். நாளைக்குப் பார்சல் போடறேன். துண்டை யார்கிட்டயும் குடுக்காதே, நகல் எடுத்துட்டுக் காட்டு. அன்னிக்கு அந்தத் தாளைப் படிக்காம கையெழுத்துப் போட்டது தப்பு. கண்ணாடி பெட்டியில இல்ல, சட்டைப் பையிலதான் இருந்தது. இந்தத் தடவை ஆட்சேபணை இருக்குன்னு நீ எழுது, அதுக்குக் கீழ நானும் கையெழுத்துப் போடறேன்.”